வேண்டாமாம்

கனடாவிலிருந்து பெரியம்மா இப்போது வீடியோவில் வருகிறார். காலைச் சாப்பாட்டின் கீரை அவர் பல்லில் ஒட்டியிருப்பதுகூடத் தெரிகிறது. குரலோ பக்கத்து அறையிலிருந்து கதைப்பதுபோல இருக்கிறது. அப்படியிருந்தும் ஒரு விநாடி படம் நின்றால் போதும், "என்ன கோதாரி நெட் இது" என்று வீட்டில் எல்லோரும் சலித்துக்கொள்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரும். சிலவேளை கோபமும் வரும். முதல் தலைமுறை டிஜிட்டல் போனின் குரலில் கலியாணம் பேசியிருந்தால் இவர்கள் வாய் திறக்கமாட்டார்கள்.

எங்கள் ஊரில் வீடுகளுக்குக் கூரை வருவதற்கு முன்பே தொலைபேசிக் கோபுரம் வந்துவிட்டது. சண்டை முடிந்து, முகாமில் அடைபட்டுக் கிடந்து, கடைசியில் எங்களை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து உருத்திரபுரத்தில் இறக்கிவிட்டபோது கையில் இருந்தது ஒரு தறப்பாளும் கொஞ்சத் தகரமும் ஒரு மண்வெட்டியும்தான். கிணற்றுக்குள் என்ன கிடக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. வயலுக்குள் கால் வைக்கக்கூடாது என்று சிவப்புப் பலகை நட்டிருந்தார்கள். ஆனால் பெருந்தெருப் பக்கம் திரும்பினால் கோபுரங்கள் மினுக்கிக்கொண்டு நின்றன. குடிக்கத் தண்ணீர் இல்லாவிட்டாலும் ஹலோ சொல்ல வழி செய்துவிட்டார்கள். நான் குறை சொல்லக்கூடாது, பிற்பாடு எனக்குச் சோறு போட்டது அந்தக் கோபுரம்தான்.

கிளிநொச்சிச் சந்தைக்குக் கிட்ட, தகரக் கொட்டகை ஒன்றில் புதிதாகத் திறந்த போன் கடையில் எனக்கு வேலை கிடைத்தது. போன் விற்பது, சிம் போட்டுக் கொடுப்பது, ரீலோட் பண்ணுவது, எல்லாவற்றுக்கும் மேலாக வாடிக்கையாளரிடம் ஏச்சு வாங்குவது. வேலை தொடங்கிய கையோடு கொழும்பிலிருந்து கொம்பனிக்காரர் ஒருவர் வந்து எங்களுக்கு வகுப்பு எடுத்தார். தகரத்துக்குக் கீழே அந்த வெக்கையில் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு நின்றார். பாவம், சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

"பழைய போன் நீங்க பேசுறது எல்லாத்தையும் அப்படியே சுமந்துகொண்டு போகும். டிஜிட்டல் அப்படியில்ல. அது கெட்டிக்காரன். உங்க குரலை அளந்து பார்த்து, தேவையில்லாததை விட்டுட்டு தேவையானதை மட்டும்தான் அனுப்பும்" என்றார்.

எனக்கு வாய் சும்மா கிடக்காது. "எது தேவை, எது தேவையில்லை எண்டு ஆர் சேர் முடிவெடுக்கிறது?" என்று கேட்டேன்.

"அதை மெஷின் பார்த்துக்கொள்ளும், மிஸ்."

எங்கள் வீட்டில் அந்த மெஷின் வேலையை அம்மா பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் எனக்கு விசயம் உடனே விளங்கிவிட்டது.

அவர் இன்னொன்றும் சொன்னார். நாங்கள் பேசாமல் இருக்கும்போது மெஷின் எதையும் அனுப்பாதாம். ஆனால் ஒரு சத்தமும் இல்லாவிட்டால் மற்றப் பக்கத்து ஆள் லைன் செத்துவிட்டது என்று பயந்துவிடுவாராம். அதற்காக மெல்லிய இரைச்சல் ஒன்றைத் தானே உண்டாக்கி அவர் காதில் விடுமாம். ஆறுதலுக்கான இரைச்சல் என்று பொருள்படும்படி அதற்கு ஒரு பெயரும் சொன்னார். எங்களுக்கு அந்தச் சரக்குப் புதிதல்ல. முகாமில் இருந்த காலம் முழுவதும் வந்தவர் போனவர் எல்லோரும் எங்கள் காதில் அதைத்தான் விட்டுவிட்டுப் போனார்கள்.

கடையில் வாங்கிய ஏச்சில் முக்கால்வாசி குரலைப் பற்றியது. ஒருவர் வாங்கிய போனைத் திரும்பக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, "பிள்ளை, இது என்ரை அக்கான்ரை குரல் இல்லை. ஆரோ ஒருத்தி பால்மாப் பேணிக்குள்ளை இருந்து கதைக்கிறாள்" என்றார். வேறு கொம்பனிப் போன் கொடுத்தேன். மறுநாள் வந்து, அக்கா இப்போது தண்ணீர்த் தொட்டிக்குள் இருக்கிறார் என்றார். இன்னொருவர் வீட்டில் செத்தவீடு. சுவிஸில் இருக்கிற தம்பி கேட்கட்டும் என்று ஒப்பாரி வைக்கும் இடத்தில் போனைப் பிடித்திருக்கிறார்கள். மெஷின் அந்த இழுவையைத் துண்டு துண்டாக நறுக்கி அனுப்பியிருக்கிறது. தம்பிக்காரன் அழுதுகொண்டு, "அம்மா செத்துக் கிடக்க எல்லாரும் ஏன் சிரிக்கிறீங்கள்?" என்று கேட்டு, அந்தக் குடும்பத்தில் பேச்சுவார்த்தை இல்லாமல் போய்விட்டது. அதற்கும் நான்தான் ஏச்சு வாங்கினேன்.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய தகராறு ஓமில்தான். நாங்கள் ஆம் சொல்கிறவர்கள் அல்ல. ஆம் என்பது பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு. ஆமாம் என்பது இந்திய ரீவி நாடகத்துக்கு. எங்களுக்கு ஓம். அதுவும் வாய் திறந்து சொல்லும் ஓம் வெளி ஆட்களுக்கு, வீட்டுக்குள் என்றால் மூக்கால் ஒரு 'ம்'. ஒருவர் கதை சொல்ல மற்றவர் உம் கொட்டாவிட்டால் அது மரியாதைக் குறைவு. மூக்கால் வரும் அந்தச் சத்தத்தை மெஷின் மனிதப் பேச்சாகவே கணக்கெடுக்கவில்லை. ஏதோ தண்ணீர் மோட்டார் ஓடுகிறது என்று நினைத்து விட்டுவிட்டது. இந்தப் பக்கம் ஒருவர் மரியாதையாக உம் கொட்டிக்கொண்டிருக்க, அந்தப் பக்கத்தில் "ஹலோ, நிக்கிறியோ? கட்டாகிட்டுதோ?" என்று கத்திக்கொண்டிருப்பார்கள். வாய் திறந்து ஓம் சொன்னாலும் பயனில்லை. குரல் வருகிறது என்று மெஷினுக்கு உறைப்பதற்குள் முதல் எழுத்துப் போய்விடும். ஓமில் முதல் எழுத்துப் போனால் மிச்சம் என்ன இருக்கிறது? ஊர் தன்பாட்டில் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தது. எல்லோரும் "ஓமோமோம்" என்று சொல்லப் பழகிவிட்டார்கள். முன்னுக்கு ஒரு ஓம் மெஷினுக்கு, நடுவில் ஒன்று லைனுக்கு, கடைசி ஓம்தான் மனிதருக்கு.

இந்த வைத்தியம் செல்லாத ஒரே ஆள் என் அப்பா. அவர் 'ம்' என்ற ஒன்றை வைத்துக்கொண்டே வாழ்ந்த மனிதர். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது என்றாலும் ம், குழம்பில் உப்புச் சரியா என்று அம்மா கேட்டாலும் ம், வயலில் கண்ணிவெடி எடுத்து முடிந்தது, இனி இறங்கலாம் என்று வந்து சொன்னபோதும் ம். போனைக் கையில் கொடுத்தால் காதில் வைத்துக்கொண்டு ம் என்று நிற்பார். அந்தப் பக்கத்தில் ஆறுதல் இரைச்சல் மட்டும் கேட்கும். பெரியம்மா அம்மாவிடம், "உன்ரை மனுசன் என்னோடை ஏதும் கோவமோ?" என்று கேட்டுமிருக்கிறார்.

பெரியம்மா அம்மாவின் அக்கா. கனடாவுக்குப் போய் நெடுங்காலம். வெளிநாட்டுக்கு எடுக்கும் போன் கார்ட் ஒன்றை வாங்கி, அதிலுள்ள நம்பரைச் சுரண்டி, ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு மாலையாக இருக்கும்போது எடுப்பார். எங்கள் வீட்டில் சிக்னல் இல்லை. கூப்பிடு தூரத்தில் வாய்க்கால் மதகு இருந்தது, அதன் சிமெந்துக் கட்டின்மேல் ஏறி நின்றால்தான் கிடைக்கும். ஆகவே ஞாயிறு மாலை என்றால் ஊரில் பாதி மதகடியில் நிற்கும். ஆளுக்கொரு நாட்டோடு, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு கத்துவார்கள். யாருக்கு ஜேர்மனியிலிருந்து காசு வந்தது, யாருக்கு லண்டனில் விசா இல்லை என்று மதகில் துணி துவைக்க வந்தவர்களுக்குக்கூடத் தெரியும். போனின் அந்தப் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும்தான் ஒன்றும் கேட்காது.

அப்படியொரு ஞாயிற்றில்தான் பெரியம்மா எனக்கு மாப்பிள்ளை கொண்டுவந்தார். கனடாவில் இருக்கும் பெடியன். நல்ல வேலை, நல்ல குடும்பம், குடிப்பதில்லை. சீதனம் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரேயொரு நிபந்தனை வைத்திருந்தான். பெண்ணுடைய சம்மதத்தைப் பெண்ணின் வாயால் கேட்க வேண்டுமாம். பெரியம்மா இதைச் சொல்லும்போது, கலியாணத்துக்குப் பெண்ணும் வரவேண்டும் என்று அவன் கேட்டுவிட்டதுபோல அதிசயப்பட்டார். "என்ன மாதிரி முன்னேறின பிள்ளை பார்" என்றார். அடுத்த ஞாயிறு மாப்பிள்ளையின் தாயையும் தன் வீட்டில் வைத்துக்கொண்டு எடுப்பதாகவும், நான் ஒரு சொல் சொன்னால் போதும் என்றும் சொல்லிவிட்டு வைத்தார்.

எனக்கு அந்தப் பெடியனோடு ஒரு கோபமும் இல்லை. படத்தில் பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தான். ஆனால் எனக்குப் போகப் பிடிக்கவில்லை. சண்டைக் காலத்தில் நாங்கள் எத்தனை இடம் மாறினோம் என்பதை நான் எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும் அம்மா சட்டி பானை கட்ட, நான் உடுப்புக் கட்ட, அப்பா கூரைத் தகரம் கழற்றினார். ஒருநாள் தகரத்தையும் விட்டுவிட்டு ஓடினோம். இப்போதுதான் ஒரு கிணறு இறைத்து, ஒரு முருங்கைத் தடி நட்டு, அது துளிர்த்திருந்தது. நான் சைக்கிளில் போய் உழைத்துவிட்டு அதே சைக்கிளில் என் வீட்டுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தேன். இனி எந்தக் காரணத்துக்கும் பெட்டி கட்டமாட்டேன் என்று எனக்குள் சத்தியம் செய்து வைத்திருந்தேன். அது கனடாவானாலும் சரி.

அம்மாவிடம் சொன்னேன். "அதை நீ அங்கை சொல்லாதை" என்றார். அப்பாவிடம் சொன்னேன். "ம்" என்றார்.

ஞாயிறு வந்தது. அம்மா நல்ல சேலை உடுத்துக்கொண்டு மதகுக்கு வந்தார். போனில் சேலை தெரியாது என்று நான் சொல்லவில்லை. அப்பா மண்வெட்டியோடு வயலிலிருந்து நேரே வந்து கட்டின் ஓரத்தில் நின்றார். போன் அடித்தது.

"பிள்ளை, கேக்குதோ?"

"ஓமோமோம், கேக்குது பெரியம்மா."

"மாப்பிளையின்ரை தாயும் பக்கத்திலை இருக்கிறா. ஸ்பீக்கரிலை போட்டிருக்கிறன். உனக்கு இந்தக் கலியாணம் விருப்பமோ? வெக்கப்படாமல் சொல்லு."

நான் மூச்சை இழுத்து விட்டேன். சுற்றி நின்றவர்கள் தங்கள் நாடுகளோடு கதைப்பதை நிறுத்தியிருந்தார்கள். ஒரே சொல், திருத்தமாக, நிதானமாகச் சொன்னேன்.

"வேண்டாம்."

அந்தக் கார்ட் லைனில் ஒரு வியாதி இருந்தது. நாங்கள் சொன்னது கொஞ்சம் பிந்தி எங்கள் காதுக்கே திரும்பி வரும். என் சொல் கனடா வரை போய்த் திரும்பி வந்ததை நானே கேட்டேன். மூச்சு இழுத்த நேரத்தில் மெஷின் காதை மூடிவிட்டிருந்தது. அது மறுபடி காதைத் திறப்பதற்குள் என் சொல்லின் முன்பாதி போய்விட்டது. திரும்பி வந்தது "ஆம்."

"ஆம் எண்டிட்டாள்!" என்று பெரியம்மா கத்தினார். "படிச்ச பிள்ளையெல்லே, எவ்வளவு வடிவாச் செந்தமிழிலை ஆம் எண்டு சொல்லுறாள் பாருங்கோ!"

"இல்லை, இல்லை" என்று நான் கத்தினேன். அந்த லைனில் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் போகும். அவர்கள் பக்கத்தில் இருவர் சந்தோசப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சந்தோசத்தை மிதித்துக்கொண்டு என் இல்லை போகவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு அம்மாவிடம் நீட்டினேன். அம்மா எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றார், நான் சொன்னது அவருக்கு முழுதாகக் கேட்டிருந்தது. போனை வாங்கி, "அக்கா, அக்கா" என்றார்.

"மாப்பிளையின்ரை தாய் ஒருக்காத் திரும்பக் கேக்கவேணுமாம்" என்றது பெரியம்மாவின் குரல். "பிள்ளை என்னவாம்? வடிவாச் சொல்லு."

அம்மாவுக்குப் பொய் சொல்லவும் வாய் வரவில்லை, உண்மை சொல்லவும் வாய் வரவில்லை. அப்போதுதான் அப்பா மண்வெட்டியைக் கீழே வைத்தார். அம்மாவின் கையிலிருந்து போனை வாங்கினார். எனக்குத் தெரிய அப்பா அதுவரை போனில் ஒரு முழுச் சொல் பேசியதில்லை. அன்றைக்குப் பேசினார்.

"வேண்டாமாம்" என்றார்.

என் சொல்லை அவர் அப்படியே எடுத்துச் சொன்னார், அவ்வளவுதான். அவள் வேண்டாம் என்கிறாள் என்பதற்கு எங்கள் தமிழில் அதைவிடச் சுருக்கமான சொல் கிடையாது. மெஷின் அதையும் அளந்து பார்த்தது. முன்பாதி தேவையில்லை என்று முடிவெடுத்தது. மிச்சத்தைக் கனடாவுக்கு அனுப்பியது. அது திரும்பி வந்ததை எல்லோரும் கேட்டோம்.

"ஆமாம்."

"தகப்பனே ஆமாம் எண்டிட்டார்!" பெரியம்மா சிரித்துச் சிரித்து மூச்சுத் திணறினார். "எப்ப தொடக்கம் இந்தியாத் தமிழ் கதைக்கிறவர்? மனுசன் நல்லா நாடகம் பாக்கிறார் போலை!"

கார்ட் முடிந்து லைன் அறுந்தது. எங்கள் வீட்டில் அப்போது கரண்டும் இல்லை, ரீவியும் இல்லை. அப்பா போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் அம்மாவோடு சண்டை பிடித்தேன். "நான் என்ன சொன்னனான் எண்டு உங்களுக்குக் கேட்டதோ இல்லையோ?"

"கேட்டதுதான்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"அங்கை ஆம் எண்டெல்லே போயிருக்கு. கொப்பர் சொன்னதும் ஆமாம் எண்டுதான் போயிருக்கு. ரெண்டு தரம் மாறிப் போறதெண்டால் அது சும்மா இல்லைப் பிள்ளை. பிள்ளையார் மாத்தி விட்டிருக்கிறார்."

அம்மா சொன்னதோடு நிற்கவில்லை, மறுநாள் பிள்ளையாருக்கு ஒரு தேங்காயும் உடைத்தார். நியாயப்படி அந்தத் தேங்காயைக் கோபுரத்தடியில்தான் உடைத்திருக்க வேண்டும். எனக்கு வந்த கோபத்தில் அன்று முழுவதும் சாப்பிடவில்லை. மாலையில் அம்மா சோற்றுக் கோப்பையோடு பக்கத்தில் வந்து இருந்தார். "இஞ்சை திரும்பவும் சண்டையெண்டு ஒண்டு வந்தால் உன்னை நான் எங்கை கொண்டுபோய் ஒளிக்கிறது?" என்று கேட்டு அழுதார். கோப்பையை வாங்கிச் சாப்பிட்டேன். ஆனால் போவதில்லை என்பதில் மாற்றமில்லை.

அந்தக் கிழமை முழுவதும் ஊர் எனக்குக் கலியாணம் பேசியது. மதகில் நின்று என் வேண்டாமைத் தங்கள் காதால் கேட்டவர்களே, "எப்ப பிள்ளை கனடா?" என்று விசாரித்தார்கள். கடையிலிருந்து என் போனில் பெரியம்மாவுக்கு எடுத்தேன். "காசை வீணாக்காதை, கட் பண்ணு, நான் எடுக்கிறன்" என்று வைத்துவிட்டார். பிறகு பழக்கதோசத்தில் அம்மாவின் நம்பருக்கு எடுத்திருக்கிறார், அது சிக்னல் இல்லாத வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. அந்தப் போன்களில் தமிழ் எழுத்து வராது. ஆகவே ஆங்கில எழுத்தில் எனக்கு வேண்டாம் என்று தட்டி மெசேஜ் அனுப்பினேன். பெரியம்மாவுக்கு அதை வாசித்துக் காட்டியவர் அங்கேயே பிறந்து வளர்ந்த அவருடைய மகன். வேண்டாம் என்பதை அவர் வெண்டம் என்று வாசித்து, அது யாரோ ஒருவருடைய பெயர் என்று நினைத்துவிட்டார். எங்கள் வீட்டிலிருந்து வெண்டம் என்று ஒருவர் கனடாவுக்கு வரப்போகிறாரோ என்று பெரியம்மா அம்மாவிடம் விசாரித்தது எனக்குப் பிற்பாடுதான் தெரியவந்தது.

பிறகு யோசித்தேன். நான் போன் கடையில் வேலை செய்கிறவள், இந்தக் கோதாரி எதை விழுங்குகிறது எதைக் கொண்டுபோகிறது என்று எனக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்? கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு எடுத்தேன். ஒன்றை இந்தக் காதிலும் மற்றதை அந்தக் காதிலும் வைத்துக்கொண்டு வேண்டாம், மாட்டன், இல்லை என்று மறுப்பு எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தேன். தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சும்மா இருந்துவிட்டு ஒற்றைச் சொல்லாகச் சொன்னால் எந்த மறுப்பும் முழுதாகப் போகவில்லை. ஆனால் இடைவெளி விடாமல் எதையாவது அலட்டிக்கொண்டே வந்து அதற்கு நடுவில் சொன்னால் போனது. மெஷினுக்கு முதலில் தேவையில்லாததைக் கொடுக்க வேண்டும், அப்போதுதான் அது தேவையானதற்குக் காது கொடுக்கும்.

அடுத்த ஞாயிறு பெரியம்மா நாள் வைப்பதற்காக எடுப்பதாக இருந்தது. இனி பெரியம்மா வீட்டில் நான் என்ன சொன்னாலும் அது வெட்கம் என்றுதான் எடுபடும். தகப்பன் சொன்னால்தான் எடுபடும். சனிக்கிழமை வயலுக்குப் போய் வரம்பில் நின்று அப்பாவிடம் விசயத்தைச் சொன்னேன்.

"நேரை விசயத்துக்கு வந்தால் போன் வெட்டிப்போடும் அப்பா. முதல் தேவையில்லாத கதை கொஞ்சம் கதைக்கவேணும். நடுவிலை மூச்சு விடக்கூடாது."

அப்பா மண்வெட்டியில் கையை ஊன்றிக்கொண்டு நிசமாகவே குழம்பிப்போய்க் கேட்டார். "தேவையில்லாத கதையெண்டால் என்ன?"

"சுகமோ, குளிரோ, முழங்கால் நோ எப்பிடி... வாயிலை வாறது எதுவும்."

"ம்."

ஞாயிறு மாலை மதகில் வழக்கத்தைவிடக் கூட்டம். போன் அடித்ததும் அம்மா எடுத்து இரண்டு ஓமோமோம் சொன்னார். அப்பா கையை நீட்டினார். அம்மாவால் மறுக்க முடியவில்லை. அப்பா போனைக் காதோடு சேர்த்து அழுத்தி, வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு தொடங்கினார்.

"மச்சாள் சுகமோ அங்கை குளிரோ இஞ்சை சரியான வெய்யில், மாடு கண்டு போட்டிட்டுது நாம்பன் கண்டு, வாய்க்காலிலை தண்ணி விட்டிருக்கிறாங்கள் காணாது, உங்கடை முழங்கால் எப்பிடி எனக்கும் நோகுது வலது கால், வேலிக்குக் கதியால் தடி நட்டனான் பாதி பட்டுப்போச்சு, உங்கடை தங்கச்சி குழம்புக்கு உப்புக் கூடப் போடுறவ கலியாணம் கட்டின நாள் தொடக்கம் கூட..."

அம்மாவின் வாய் திறந்தபடி நின்றது. மதகில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனைக் காதிலிருந்து எடுத்தார்கள். ஜேர்மனியும் சுவிஸும் லண்டனும் அந்தரத்தில் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தன. அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நெல்மூட்டை தூக்கும்போதுகூட அவர் அப்படிக் கஷ்டப்பட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது.

"...தயிருக்கும் உப்பு, நான் ஒண்டும் சொல்லுறேல்லை, பிள்ளைக்கு இந்தக் கலியாணத்திலை விருப்பமில்லை அவள் அண்டைக்குச் சொன்னது வேண்டாம் நான் சொன்னது வேண்டாமாம், அவள் ஒரு இடமும் போகமாட்டாள் இஞ்சை எங்களோடைதான் நிப்பாள், நாங்கள் ஓடினது காணும் மச்சாள், மழை இன்னும் பெய்யேல்லை கிணத்திலை தண்ணி இறங்கிப்போச்சு."

வால் அறுந்துவிடக்கூடாது என்று கடைசியில் மழையையும் கிணற்றையும் போட்டுக் கட்டினார். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

போன் ஆறுதலுக்காக இரைந்துகொண்டிருந்தது. பிறகு பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்கப் பெரியம்மாவின் குரல் வந்தது. சிரிப்பு இல்லை. "அப்ப நான் மாப்பிளை வீட்டுக்கு என்னெண்டு சொல்லுறது?"

"லைன் கிளியரில்லை எண்டு சொல்லுங்கோ" என்றார் அப்பா. போனை அம்மாவிடம் கொடுத்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா எங்கள் இருவருக்கும் முன்னால் விறுவிறு என்று நடந்தார். கனடாவைப் பற்றி ஏதாவது சொல்லித் தீர்ப்பார் என்று காத்திருந்தேன். முருங்கைத் தடிக்குப் பக்கத்தில் சட்டென்று நின்று திரும்பி அப்பாவைப் பார்த்தார்.

"கலியாணம் கட்டின நாள் தொடக்கமோ?"

அப்பா, சேர்த்து வைத்திருந்த சொல்லெல்லாம் அன்றோடு முடிந்துவிட்டதுபோல வாயை இறுக்கிக்கொண்டு நின்றார். அம்மா குசினிக்குள் போய்ச் சட்டியைத் தடாலென்று வைக்கும் சத்தம் கேட்டது.

"அப்பா, நான் இஞ்சையே நிக்கட்டோ?" என்று கேட்டேன். கேட்க வேண்டிய தேவையே இல்லை. இருந்தும் அவர் வாயால் கேட்க வேண்டும்போல இருந்தது.

"ம்" என்றார்.

எனக்கு முழுதாகக் கேட்டது.